ஆயா தாண்டிப் போன வீடு



என் அண்ணன் மகளுக்குப் பத்து வயது. குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லிப் பள்ளியில் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். எங்கள் மரம் தாத்தாவோடு நின்றுவிட்டது. தாத்தாவின் படத்திறப்பில் அத்தனை பேர் அவரைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் பேச்சைக்கூட நாங்கள் பதிவு செய்யவில்லை. எல்லார் கையிலும் போன் இருந்தது.

நாங்கள் வடஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன குடும்பம். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். லைன் வீடுகளில் இருந்தவர்கள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். பிறகு கதை சொல்ல யாருக்கு நேரம்?

போன கோடையில் மொட்டை மாடியில் சாக்கட்டியால் ஆயாவின் லைனை வரைந்தோம். வீட்டுக்கு ஒரு சோடா மூடி. "எனக்கென்னடி கதை" என்று எப்போதும் தட்டிக்கழிப்பவர், பிள்ளைகள் மூடியைத் தப்பான இடத்தில் வைத்ததும், "அட, அங்க குழாய்டி இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டார். கேள்வி கேட்பதைவிட இது நல்ல வழி, செய்து பாருங்கள். ரேடியோ இருந்த வீடு, பாறை வெடித்ததில் ஆள் திரும்பாத வீடு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கதையைத் தன் குரலில் போனில் பதிந்தது.

1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயாவின் அப்பா அதில் இருந்தவர். "திருடனுக்குத்தானே ரேகை எடுப்பாங்க" என்பாராம். பிள்ளைகள் அதை நாடகமாகவே போட்டார்கள். கங்காணி வேடத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

ஒரு மூடியை மட்டும் ஆயா தாண்டித் தாண்டிப் போனார். மூன்றாம் நாள் சொன்னார். அது அவருடைய தாத்தா வீடு. செருப்புப் போட்டு ஊர்த்தெருவில் நடந்ததற்காக அவரை மரத்தில் கட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாகத் தங்கவயலுக்கு வந்தவர்.

அப்பாவுக்குக் கோபம். "பிஞ்சு மனசுல ஏன் இதைப் போடுறீங்க?" என்றார். அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அலுவலகத்தில் முப்பது வருஷம் சாதியை மறைத்து எங்களைப் படிக்க வைத்தவர் அவர். ஆனால் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் இணையத்தில் 'ஆண்ட பரம்பரை' வீடியோ பார்த்து, நாமும் எங்காவது ஆண்டிருப்போமா என்று தேடுவார்கள். (தேடுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.) எங்கள் தாத்தா யாரையும் ஆளவில்லை. செருப்புப் போட்டு நடந்தார். எனக்கு அது போதும்.

அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் மகள் கேட்டாள்: "கட்டிவச்சு அடிச்சவங்க பேரு என்ன ஆயா?"

எங்களில் ஒருவருக்கும் இதைக் கேட்கத் தோன்றியதில்லை. ஆயா பெயரைச் சொன்னார், ஊரையும் சொன்னார். பதிவில் இருக்கிறது. அப்பா அந்த மூடியை எடுத்து, குழாயடிக்குப் பக்கத்தில் சரியான இடத்தில் வைத்தார்.