மூழ்கிய கோபுரம்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் வெகுவாகத் தாழும் காலங்களில், பண்ணவாடிப் பக்கம் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் நீருக்குமேல் தலை காட்டும். இன்னும் தாழ்ந்தால் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் தெரியும். 1925-இல் தொடங்கி 1934-இல் நிறைவுற்ற அணைக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் வழிபட்ட இடங்கள் அவை. தஞ்சை வயல்கள் செழித்தன, அது பெரும்பேறே. ஆயினும், வழிபட்ட ஆலயமும் முன்னோர் வாழ்ந்த மண்ணும் நீருக்குள் போனால் நெஞ்சு உடையாதிருக்குமா?

"அழுவது அவிசுவாசம்" என்று அவசரமாக உபதேசிப்பார் சிலர் உண்டு. வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர், ஆற்றங்கரை மரங்களில் யாழைத் தொங்கவிட்டு, பாட மனமின்றி அழுததை 137-ஆம் சங்கீதம் மறைக்காமல் கூறுகிறது. இயேசுவும் நண்பன் லாசருவின் கல்லறையை நோக்கிச் செல்கையில் கண்ணீர் விட்டார். சற்றுநேரத்தில் அவனை எழுப்பப் போவதை அறிந்திருந்தும் அழுதார் என்பதே எனக்கு வியப்பு. துயருறுவோரோடு கடவுளும் துயருறுகிறார் என்னும் இந்நம்பிக்கைதான் கிறிஸ்தவ ஆறுதலின் வேர்.

அழுதபின் என்ன செய்வது? சிறைப்பட்ட அம்மக்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி ஒரு கடிதம் எழுதினார். விரைவில் திரும்புவீர்கள் என்ற பொய்யுறுதி அதில் இல்லை. 70 ஆண்டுகள் ஆகும் என்றே எழுதினார். அதுவரை, போன இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், அந்நகரின் நலனுக்காகவும் மன்றாடுங்கள் என்றார்.

பண்ணவாடியில் நீர் வடிந்த மாதங்களில், அணைப்படுகையில் உழவர்கள் சோளமும் நிலக்கடலையும் விதைக்கிறார்கள். வெள்ளம் திரும்புமுன் அறுத்தாக வேண்டும். அது தெரிந்தேதான் விதைக்கிறார்கள்.