விலை இறங்கிய வண்டிகள்



மோட்டார் கார் என்பது வாங்கிய விலைக்கு மேலாகவே விற்கத்தக்க பொருள் என்று நம் நாட்டிற் பலர் எண்ணிப் பழகிவிட்டனர். 2020 மார்ச்சில் இறக்குமதி தடைப்பட்டு, 2025 பெப்ரவரி வரை தனியார் கார்கள் வாராதிருந்த காலத்திலே, ஓடித் தேய்ந்த வண்டியை வாங்கிய விலையிலும் கூட்டி விற்றவர்களை நாம் கண்டிருக்கின்றோம். அது தட்டுப்பாட்டின் விளைவு. தட்டுப்பாடில்லாத நாடுகளிலே, கார் விற்பனைச் சாலையை விட்டு வெளியேறிய அன்றே அதன் மதிப்புக் குறையத் தொடங்கிவிடும். அவ்வாறு குறைவனவற்றுள் ஸ்போர்ட்ஸ் காரின் கதை தனியானது. அதனையும், விலை இறங்கும்போது அதன் சொந்தக்காரர் மனம் படும் பாட்டையும் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். நான் கார்ப் பித்துடையவன் அல்லன். பாடசாலைக்குப் பஸ்ஸிலே போய் வருபவன். ஆயினும் மனிதர் மனத்தைக் காண இதுவும் ஒரு சாளரம் என்று தோன்றுகின்றது.

இருவர் மட்டுமே வசதியாக அமரத்தக்க வண்டி பிள்ளைகள் பெற்றவனுக்கு உதவாது. காப்புறுதிக் கட்டணம் மிகுதி. பெற்றோற் செலவும் மிகுதி. புதிய மாதிரி வந்தவுடன் பழையது பழசாகிவிடும். இவை எவரும் அறிந்த காரணங்கள். பலர் எண்ணிப் பாராத காரணம் ஒன்றுண்டு. காரின் விலை இறங்குகின்றதே அன்றி, அதன் உதிரிப் பாகங்களின் விலையும் மெக்கானிக்கின் கூலியும் அதனோடு இறங்குவதில்லை.

1982 முதல் 1991 வரை ஜேர்மனியிலே செய்யப்பட்ட போர்ஷ் 944 என்னும் காரை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. பாரம் சமமாக நிற்கவேண்டும் என்பதற்காக எஞ்சினை முன்னும் கியர்ப்பெட்டியைப் பின்னுமாக வைத்தார்கள். ஓட்டுவதற்கு மிக நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் கிளச்சு தேய்ந்துவிட்டால், பின்னாலுள்ள கியர்ப்பெட்டியைக் கழற்றி இறக்கி, இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாயையும் பின்னே இழுத்த பின்னரே அதனை மாற்றலாம். எஞ்சினுள்ளே இறப்பர்ப் பட்டி ஒன்று ஓடுகின்றது. குறித்த காலத்தில் அதனை மாற்றாவிடின் அறுந்துபோகும். அறுந்தால் வால்வுகள் பிஸ்ரன்களில் மோதி வளைந்துவிடும். புதிதாக வாங்கிய செல்வருக்கு இவை பெருஞ் செலவல்ல. இருபது ஆண்டுகள் கழிந்து, சாதாரணச் சிறு காரின் விலைக்கு அதே வண்டி ஓர் எழுதுவினைஞர் கைக்கு வருகின்றது. வண்டியின் விலையிற் பாதியைப் பழுதுபார்ப்பதிலே போடுவதா என்று அவர் தயங்குகின்றார். அடுத்த மாதம் பார்ப்போம் என்கின்றார். அடுத்த மாதம் பட்டி அறுகின்றது. விலை இறங்கியமையாற் பேணுவாரில்லை. பேணுவாரில்லாமையால் விலை இன்னும் இறங்குகின்றது. குறைந்த விலைக் காரே கூடிய செலவுக் கார் என்பதை அவர் பட்டுத்தான் அறிகின்றார். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. இளமையில் ஆசைப்பட்டதை நடுவயதிலே எட்டிப் பிடித்தவர் அவர்.

இங்கிலாந்தின் ஜகுவார் ஈ-ரைப் காருக்கும் இக்கதி நேர்ந்தது. 1961இல் ஜெனீவாக் கண்காட்சியிலே உலகை வியக்கவைத்த அவ்வழகி, இரண்டாயிரம் பவுணுக்குச் சற்று மேலாக விலை பெற்றவள். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், துருப்பிடித்த பழைய ஈ-ரைப்கள் சில நூறு பவுணுக்கே கைமாறின. பின் பிறேக்குகள் சக்கரத்தோடு அமையாமல் வண்டியின் அடிவயிற்றிலே அமைந்தமையால், அவற்றைத் தொடுவதற்கே மெக்கானிக் அஞ்சினார்.

இவர்களெல்லாம் காரை விரும்பி வாங்கியவர்கள். பணத்தை விரும்பிக் காரை வாங்கியவர்களும் உளர். 1988இல் பேர்மிங்ஹாமிலே ஜகுவார் நிறுவனம் எக்ஸ்.ஜே. 220 என்ற மாதிரியைக் காட்டியது. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். மணிக்கு இருநூறு மைலைத் தாண்டும் வேகம். அக்காலம் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை வானளாவ ஏறிய காலம். ஏறக்குறைய 1,500 பேர் ஆளுக்கு 50,000 பவுண் முற்பணம் செலுத்த முன்வந்தார்கள். பெற்ற அன்றே விற்று இலாபம் காணலாம் என்பதே அவருட் பலரின் எண்ணம். 1992இல் கார் வந்தபோது பொருளாதாரம் சரிந்திருந்தது. காரின் விலையோ 4,70,000 பவுணாக ஏறியிருந்தது. எஞ்சினில் ஆறு சிலிண்டர்களே இருந்தன. வாக்குத் தவறிவிட்டீர்கள் என்று வாங்க முன்வந்தவர்கள் சிலர் நீதிமன்றம் ஏறினார்கள். அக்கார் அன்று உலகின் மிக வேகமான கார்களுள் ஒன்றாகவே ஓடியது. சந்தை விலை ஏறியிருப்பின் அந்தச் சிலிண்டர்களை எத்தனை பேர் எண்ணியிருப்பார்கள்? விற்காது எஞ்சிய சில 1997இலே வரியுட்பட ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பவுணுக்குக் கிடைத்தன.

விலை இறங்கியபோது மகிழ்ந்தவர்களும் உண்டு என்றால் வியப்பீர்கள். விலை ஏறும் காலத்திலே காரைப் போர்வையால் மூடிப் பூட்டிவைத்து, மழைத்துளி படாது காக்கின்றனர். இறங்கியதும், 'இனிப் பயமின்றி ஓட்டலாம்' என்று தெருவுக்கு எடுத்து வருகின்றனர். இவர்களிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

முடிக்குமுன், ஒரு பாடசாலையின் கதை. அதிபர் என்ற முறையில் இதை மறக்க முடியவில்லை. பெராரி 250 ஜி.ரி.ஓ. என்னும் பந்தயக் கார், 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்டது. அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 18,000 டொலர். பந்தயங்களில் ஓடி ஓய்ந்த ஒன்றை அதன் சொந்தக்காரர் 1960களின் நடுப்பகுதியிலே ரெக்சாஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளியொன்றுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். மோட்டார்ப் பொறி வகுப்பு மாணவர்கள் அதிலே கைப்பழக்கம் பெற்றார்கள். 1972இல் பள்ளி அதனை 6,500 டொலருக்கு விற்றது. வாங்கியவர் அதனை ஓர் இழுவண்டியின் மேல் ஏற்றி, ஓகையோ மாநிலத்து வெளியொன்றிலே பல்லாண்டு வெயிலிலும் பனியிலும் விட்டுவைத்தார். அதே இனத்துக் கார் வேறொன்று 2018இலே கலிபோர்ணியாவில் 4 கோடி 84 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று.

அந்தப் பள்ளியின் நிர்வாகத்தைப் பேதைகள் என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆண்டுதோறும் எங்கள் பாடசாலைப் பொருட்பதிவேட்டைப் புரட்டி, உடைந்த கதிரை, ஓடாத மணிக்கூடு என்று கழிவுப் பட்டியலிலே கையொப்பமிடுகின்றவன் நான். 6,500 டொலரைக் கையிலே தந்திருந்தால், அந்தக் காருக்கும் அன்றைக்கே கையொப்பமிட்டு, அப்பணத்துக்கு நூலகத்துக்குப் புத்தகம் வாங்கியிருப்பேன்.