இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன்

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க நிலை ஆசிரியர்களுக்கும் பயிற்சி மாணவர்களுக்கும் ஆற்றிய உரை)

கலைக் கல்வி பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஓவிய ஆசிரியர் இல்லை, அறிவியல் நடத்துபவள். ஆனாலும் ஓவிய வகுப்பு ஒன்றில் நான் செய்த தவறு இருபது ஆண்டுகளுக்கு மேலாக என்னோடு இருக்கிறது. அதைச் சொன்னால் இங்கே வந்திருக்கும் பயிற்சி மாணவர்களுக்குப் பயன்படலாம்.

பி.எட். அப்போது ஓராண்டுப் படிப்பு. கற்பித்தல் பயிற்சிக்கு என்னை அனுப்பிய பள்ளி காவிரி டெல்டாவில், வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. ஒருநாள் மூன்றாம் வகுப்பு ஆசிரியர் விடுப்பு. பிற்பகல் கடைசி இரண்டு பாடவேளைகளுக்கு என்னைப் போகச் சொன்னார்கள். என் அறிவியல் வகுப்பைப் பார்க்க வந்த பேராசிரியர், அது முடிந்துபோனதால், இங்கேயே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கையில் பாடக்குறிப்பு இல்லை. "இன்று ஓவிய வகுப்பு" என்று அறிவித்துவிட்டேன். கரும்பலகையில் எனக்குத் தெரிந்த ஒரே இயற்கைக் காட்சியை வரைந்தேன். இரண்டு மலை, நடுவில் சூரியன், அங்கிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். உங்களில் பாதிப் பேருக்கு இப்போதே கை அரிக்கும், எல்லோருக்கும் வரும் படம்தானே. "இதைப் பார்த்து வரையுங்கள்" என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பேராசிரியர் இருக்கும்போது வகுப்பு அமைதியாக இருந்தால் பயிற்சி மாணவிக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு பெண் பிள்ளை மட்டும் நோட்டைச் சுற்றிச் சுற்றித் திருப்பி வரைந்துகொண்டிருந்தாள். "நோட்டைத் திருப்பாதே, நேரா வச்சு வரை" என்று இரண்டு தடவை சொன்னேன். கிட்டே போய்ப் பார்த்தேன். பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வாய்க்கால். இடப்பக்கத்துத் தென்னை மரங்களின் தலை இடப்பக்கமாகவும், வலப்பக்கத்து மரங்களின் தலை வலப்பக்கமாகவும் சாய்ந்து கிடந்தன. "என்ன பாப்பா, மரமெல்லாம் விழுந்து கிடக்கு, புயல் அடிச்சிடுச்சா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவளிடமிருந்து ரப்பரை வாங்கி ஒரு பக்கத்து மரங்களை அழித்து, நிமிர்ந்த மரம் ஒன்றை நானே வரைந்து கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பேராசிரியர் என் பதிவேட்டில் "கரும்பலகைப் பயன்பாடு மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகிழ்ச்சியோடு அதை என் வழிகாட்டி ஆசிரியையிடம் காட்டினேன். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்த அம்மா அவர். வரைந்த நோட்டுகளையும் புரட்டிப் பார்த்தார். முப்பது நோட்டிலும் மலை. "ஏம்மா, இந்தப் பிள்ளைங்க மலையை எங்கம்மா பாத்துச்சுங்க?" என்று கேட்டார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான்.

அந்தப் பிள்ளையின் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாலையில் என்னை வாய்க்கால் மதகுக்கு அழைத்துப் போனார். மதகின் நடுவில் நிற்கச் சொன்னார். "இந்தக் கரையைப் பாத்து நோட்டைத் திருப்பு" என்றார். திருப்பினேன். இன்னும் அழிபடாமல் இருந்த பக்கத்து மரங்கள் நிமிர்ந்து நின்றன. அடுத்த கரையைப் பார்த்து மறுபடி திருப்பினேன். அங்கே நான் அழித்த தடமும், என் மரம் ஒன்று படுத்துக் கிடப்பதும் தெரிந்தன. "நீ ஒரு எடத்துல நின்னு பாக்குற. அது ரெண்டு கரையிலயும் நின்னு பாத்திருக்கு. நீ திருப்பாதேன்னு சொல்லிட்ட" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, இது உலகமெங்கும் குழந்தைகள் செய்வது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக் கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட், 1947இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது வயதில், குழந்தை தரைக்கு ஒரு கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிற்க வைக்கும். தெருவுக்கோ ஆற்றுக்கோ இரண்டு கரை இருந்தால் இரண்டு தரைக்கோடு. அதனால்தான் மரங்கள் இரு பக்கமும் விரிந்து கிடக்கும். சுவரை ஊடுருவி வீட்டுக்குள் இருக்கும் ஆட்களை வரைவதும் இந்த வயதில்தான். அவை பிழைகள் அல்ல, அந்த வயதுப் பிள்ளை தனக்குத் தெரிந்ததை ஒழுங்குபடுத்தும் முறை. பி.எட். உளவியலில் பியாஜேயைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் அந்த நோட்டில் இருந்ததைப் பார்க்க அது உதவவில்லை.

ஒரு வாரம் கழித்து, கேட்டு வாங்கிக்கொண்டு மீண்டும் அதே வகுப்புக்குப் போனேன். கரும்பலகையைத் தொடவில்லை. பிள்ளைகளை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போய் அரை மணி நேரம் பார்க்க விட்டேன். வாத்து, மீன்பிடிக்கும் தாத்தா, துணி துவைக்கும் அம்மாக்கள். வந்து வரையச் சொன்னேன். ஒரே இரைச்சல். பச்சை கிரேயானுக்கு அடிதடி. தலைமையாசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். சில நோட்டுகளில் வாத்து வந்தது, பாதிக்கு மேல் மறுபடியும் இரண்டு மலைதான் வந்தது.

அந்தப் பெண் பிள்ளை முதலில் முடித்துக்கொண்டு வந்தாள். மலை, சூரியன், நிமிர்ந்த தென்னை. கோடுகள் துல்லியமாக என்னுடையவை. "இப்படித்தானே டீச்சர்?" என்று கேட்டாள். "உங்க வாய்க்கால் எங்கே?" என்று கேட்டேன். "அது எனக்கு வரையத் தெரியாது டீச்சர்" என்றாள். என் பயிற்சி முடியும்வரை அவள் வாய்க்காலை வரையவே இல்லை.

தொடக்க வகுப்புகளுக்குத் தனியாக ஓவிய ஆசிரியர் கிடையாது, நாம்தான். அந்தப் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வதும் நாம்தான். கலைத் திருவிழா நேரத்தில் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி அப்படியே வரையச் சொல்வதும் உண்டு. பரிசும் வந்துவிடுகிறது, அதனால் யாரும் குறை சொல்வதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கு வந்த பயிற்சி மாணவி ஒருவர் இரண்டாம் வகுப்பில் இருந்தார். ஒரு பையன் வரைந்த பேருந்தில் பக்கவாட்டுத் தகடே இல்லை, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால்வரை தெரிந்தது. அந்த மாணவி ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் பக்கத்துல உக்காந்து, யார் யாருன்னு மட்டும் கேளும்மா" என்றேன். உட்கார்ந்தார். ஓட்டுநர், டிக்கெட் கொடுப்பவர், ஆட்டுக்குட்டியோடு பாட்டி, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடும் அண்ணன் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். மணி அடித்துவிட்டது. படம் முடியவில்லை. இன்னும் நான்கு பேர் நிறுத்தத்தில் நிற்கிறார்களாம், நாளைக்கு ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினான்.