குழந்தைக்கு ஓர் ஆசனம்

காரில் 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பாதுகாப்புப் பட்டையாலோ தனி ஆசனத்தாலோ பிணைக்காவிடில் 1000 ரூபாய் அபராதம் என்று இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் விதித்திருப்பது நியாயமே. தாயின் மடி எத்துணை அன்பு மிக்கதாயினும், மோதலின் வேகத்தைத் தாங்கும் சக்தி அதற்கில்லை. ஆனால் ரக்ஷணைக்கு அதிகப் பணம் வேண்டுமென்று அஞ்ச வேண்டுவதில்லை: வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும், 44 அல்லது 129 என்ற ஐ.நா. விதி எண்ணும் பொறித்த ஆசனம், குறைந்த விலையுடையதாயினும், மோதல் பரீட்சையில் தேறியதேயாகும். குழந்தையின் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்றதாய், உங்கள் காரில் அசையாமல் பொருந்துவதாய்த் தேர்ந்து, 15 மாத வயது கடந்த பின்னரும் இயன்றவரை பின்னோக்கியே அமர்த்துவது உத்தமம். அப்போது கழுத்தின் மீது விழும் பாரத்தை ஆசனத்தின் முதுகு ஏற்றுக்கொள்கிறது. விபத்தில் சிக்கிய பழைய ஆசனத்தை இலவசமாகத் தந்தாலும் ஏற்காதீர்கள்.