வாங்காத மாடும் முடிந்துபோன விசாவும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பாகூர் பக்கம் ஒரு கிராமம். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். மைக் பிடிச்சுப் பேசறது இதுதான் முதல் தடவை. எனக்கு முன்னாடி பேசின அக்காங்க எல்லாம் ஊறுகாய் போட்டு முன்னுக்கு வந்ததையும், தையல் மெஷின் வாங்கினதையும் சொன்னீங்க. கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு. நான் சொல்லப் போறது நான் செஞ்ச ஒரு தப்பு. அதைச் சொல்லத்தான் ஊக்குநர் அக்கா என்னை மேடை ஏத்தி விட்டிருக்காங்க.

2023 ஜனவரியில எங்க குழுவுக்குப் பேங்க் கடன் கிடைச்சது. என் பங்கு 50,000 ரூபாய். தீர்மான நோட்டுல என் பேருக்கு நேரா ‘கறவை மாடு வாங்க’ன்னு எழுதினாங்க. நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனா நான் மாடு வாங்கலை. அந்தப் பணத்தோட நகையை அடகு வச்ச 40,000, வட்டிக்கு வாங்கின 30,000, எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாயை ஒரு ஏஜென்ட் கையில கொடுத்தோம். எங்க வீட்டுக்காரரை துபாய்க்கு அனுப்ப.

அவர் கொத்தனார். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. ‘அங்க போனதும் ஒரு மாசத்துல வேலை விசாவா மாத்திடலாம், மாசம் 40,000 கையில நிக்கும்’னு அந்த ஆள் சொன்னார். நாங்க நம்பினோம். பிப்ரவரி மாசம் சென்னையில பிளேன் ஏறினார். விசா காகிதத்தை நானும் பார்த்தேன். ‘டூரிஸ்ட்’, ‘60 நாள்’னு போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்ச எனக்கு அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கத் தோணலை.

நாம புதுச்சேரிக்காரங்க. வெளிநாடுன்னா நமக்கு ஒரு ஆசை உண்டு. சொல்தா தாத்தா வீட்டையும், அவங்களுக்கு வர்ற பென்ஷனையும் பார்த்தே வளர்ந்தோம். 1962-ல ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்ப, ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்தவங்க பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்கிட்டாங்க. அவங்க பிள்ளைங்க பிரான்சுக்குப் போனா அந்த நாட்டுக்காரங்களாப் போறாங்க. எங்க வீட்டுக்காரர் போனது ஊரைச் சுத்திப் பார்க்கற காகிதத்தோட. ரெண்டையும் ஒண்ணா நினைச்சதுதான் எங்க அறியாமை.

அங்க இறங்கினதும் ஒரு சூப்பர்வைசர் பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டார். ஷார்ஜாவுல ஒரு ரூம்ல பன்னிரண்டு பேர். கட்டட வேலை, ஒரு நாளைக்கு 60 திர்ஹாம் கூலி. ஏப்ரல்ல விசா முடிஞ்சு போச்சு. ‘மாத்தறோம், மாத்தறோம்’னு சொன்னாங்களே தவிர மாத்தலை. கம்பெனி முறையா விண்ணப்பிச்சா விசா மாத்திக்க அங்க வழி இருக்கு. ஆனா மாத்தி முடியற வரைக்கும் வேலை செய்யறது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். இது எதுவும் எங்களுக்குத் தெரியாது.

அவர் எங்கிட்டயும் சொல்லலை. நான் கவலைப்படுவேன்னு மறைச்சார். கார்டு இல்லாததால சொந்தப் பேருல பணம் அனுப்ப முடியலை. ரூம்ல இருந்த இன்னொருத்தர் பேருல அனுப்பினார். மூணு நாலு மாசம் வந்துச்சு, அப்புறம் நின்னு போச்சு. ஒரு நாள் வேலையில கால்ல கம்பி குத்தி வீங்கிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா கார்டு கேப்பாங்க, போலீசுக்குத் தெரிஞ்சிடும்னு பயந்து, மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு ரூம்லயே படுத்துக் கிடந்திருக்கார். அப்பதான் போன்ல அழுதுக்கிட்டே விஷயத்தைச் சொன்னார்.

அவர் எங்கிட்ட ஒண்ணை மறைச்சார். நான் குழுகிட்ட ஒண்ணை மறைச்சேன். ‘மாடு எங்கம்மா வீட்டுல இருக்கு, அங்க புல்லு நல்லா கிடைக்குது’ன்னு சொல்லி வச்சிருந்தேன். கன்னு போட்டுச்சான்னு கேட்டாங்க. போட்டுச்சு, கெடேரின்னு சொன்னேன். நீங்க சிரிக்கறீங்க. இப்ப எனக்கும் சிரிப்பு வருது. அப்ப வயித்துல புளி கரைச்சது. தவணை கட்ட கூலி வேலைக்குப் போனேன். அது பத்தாம மறுபடியும் வட்டிக்கு வாங்கினேன்.

2024 ஜூலை மாசம் பேங்க்ல இருந்து மாட்டைப் பார்க்க வர்றாங்கன்னு சொன்னாங்க. பக்கத்து வீட்டு மாட்டை ஓட்டிக்கிட்டு வந்து என் வாசல்ல கட்டிடலாமான்னு கூட யோசிச்சேன். ராத்திரி பூரா தூக்கம் இல்லை. மறுநாள் குழுக் கூட்டத்துல எழுந்து நின்னு, ‘அக்கா, மாடு இல்லை’ன்னு சொல்லிட்டேன்.

திட்டு விழுந்துச்சு. விழாம இருக்குமா? ‘உன்னால எங்க எல்லாருக்கும் கெட்ட பேரு, அடுத்த கடன் வராது’ன்னு ஒரு அக்கா எழுந்தே போயிட்டாங்க. அவங்க கோபம் நியாயம். ஒருத்தர் கட்டலைன்னா பன்னிரண்டு பேரும் கட்டணும்னு எனக்குத் தெரியாதா?

எங்க குழுவுல ஒரு தங்கச்சி ஒயிட் டவுன்ல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ரூம் கூட்டிப் பெருக்கற வேலை பார்க்குது. அதுதான் முதல்ல கேட்டுச்சு: ‘அக்கா, மாமா போன விசா எந்த விசா? எந்தத் தேதியில முடிஞ்சது?’ வெளிநாட்டுக்காரங்க யார் வந்து தங்கினாலும் அவங்க பாஸ்போர்ட், விசா விவரத்தை எழுதி 24 மணி நேரத்துக்குள்ள அனுப்பணும்னு சட்டம். முதலாளி முதல்ல பார்க்கறதே விசா முடியற தேதியைத்தானாம். ‘டூரிஸ்ட் விசாவுல வந்த வெள்ளைக்காரங்க இங்க வேலை செய்யக் கூடாதுக்கா, நாள் முடிஞ்சா கிளம்பணும். இங்க அப்படின்னா அங்கயும் அப்படித்தானே இருக்கும்?’னு சொல்லுச்சு. ஏஜென்ட் சொல்லாததை, ரூம் கூட்டற பொண்ணு சொல்லுச்சு.

அது மக காலேஜ்ல படிக்குது. போன்ல பார்த்துக் கணக்குப் போட்டுச்சு. விசா முடிஞ்ச பிறகு தங்கற ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் 50 திர்ஹாம். அவர் கூலி 60. ஏப்ரல்ல இருந்து 15 மாசம், சுமாரா 450 நாள். 22,500 திர்ஹாம். ஒரு திர்ஹாம் 22 ரூபாய்னு வச்சாக்கூட 4,95,000 ரூபாய்! அதைக் கட்டாம ஊருக்கு வர முடியாது. ஊருக்கு வராம இருக்க இருக்க அது ஏறிக்கிட்டே போகும். கந்துவட்டியை விட மோசம். வட்டிக்காரன்கிட்ட காலைப் பிடிச்சாவது கெஞ்சலாம்.

கடவுள் புண்ணியம், ஆகஸ்ட்டுல ஒரு செய்தி வந்துச்சு. ஐக்கிய அரபு அமீரகத்துல 2024 செப்டம்பர் 1-ல இருந்து அக்டோபர் 31 வரைக்கும் பொது மன்னிப்பு. விசா முடிஞ்சு தங்கினவங்க அபராதம் கட்டாம ஊருக்குத் திரும்பலாம், மறுபடி வரத் தடையும் இல்லைன்னு அறிவிச்சாங்க. பிறகு அதை டிசம்பர் 31 வரைக்கும் நீட்டினாங்க. அந்தப் பொண்ணுதான் போனைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து காட்டுச்சு.

அவர் நம்பலை. ‘கூப்பிட்டுப் பிடிச்சு ஜெயில்ல போடத்தான் இப்படிச் சொல்றாங்க. ரூம்ல யாரும் போகலை, நானும் போகமாட்டேன்’னார். நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கலை. கடைசியில ஊக்குநர் அக்கா என் போனை வாங்கி, ‘இந்தாங்க தம்பி, நாங்க பன்னிரண்டு பேரும் இங்க இருக்கோம். நீங்க வந்தாத்தான் இந்தக் கடன் அடையும். நாளைக்கே கிளம்புங்க’ன்னு ஒரு அதட்டல் போட்டாங்க. அதுக்கப்புறம்தான் அசைஞ்சார்.

பாஸ்போர்ட் சூப்பர்வைசர்கிட்டயே மாட்டிக்கிச்சு. அது இல்லாததால துபாய்ல இருக்கற இந்தியத் துணைத் தூதரகத்துல அவசரச் சான்றிதழ் வாங்கினார். அவுட் பாஸ்னு சொல்வாங்களே, அதேதான். அல் அவீர்ங்கற இடத்துல இருந்த முகாமுக்குப் போய் வரிசையில நின்னு, வெளியேற அனுமதி வாங்கினார். யாரும் பிடிச்சு ஜெயில்ல போடலை. டிக்கெட்டுக்குத்தான் காசு இல்லை.

அன்னைக்கு எங்க குழுக் கூட்டத்துல உள்கடன் 18,000 ரூபாய் கொடுக்கறதுன்னு தீர்மானம் போட்டாங்க. கோவிச்சுக்கிட்டு எழுந்து போன அக்காவும் கையெழுத்துப் போட்டாங்க. காரணம்னு இருக்கற இடத்துல என்ன எழுதறதுன்னு கேட்டாங்க. ‘கணவரை ஊருக்கு அழைத்து வர விமான டிக்கெட்’னு எழுதுங்கன்னு சொன்னேன். மாடுன்னு எழுதின பக்கத்துக்கு அப்புறம், அந்த நோட்டுல என் பேருக்கு நேரா உண்மையா எழுதினது அதுதான்.

2024 அக்டோபர்ல வந்து சேர்ந்தார். கையில ஒரு பை. கால் இன்னமும் குளிர் காலத்துல வலிக்குது. இப்ப டவுன்ல கொத்தனார் வேலைக்கே போறார்.

அக்கா தங்கச்சிங்களே, என் கதை நல்லபடியா முடிஞ்சது ஒரு மன்னிப்பு வந்ததால. மன்னிப்பு எப்பவும் வராது. மலேசியாவுக்கு 2023 டிசம்பர்ல இருந்து இந்தியர்கள் விசா இல்லாம 30 நாள் போகலாம். ‘விசாவே வேணாம், வேலைக்குப் போகலாம்’னு சில பேர் சொல்றாங்க. நம்பாதீங்க. அது சுத்திப் பார்க்க மட்டும்தான். அதிகமாத் தங்கினா 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், இல்லைன்னா 5 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்னு அங்க சட்டம். தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு சுற்றுலா விசாவுல போன நம்ம தமிழ்ப் பிள்ளைங்க மியான்மர் எல்லையில அடைபட்டு, 2022-ல மீட்டுக் கொண்டு வந்ததையும் செய்தியில பார்த்திருப்பீங்க.

எங்க குழுவுல இப்ப ஒரு தீர்மானம் வச்சிருக்கோம். யார் வீட்டுல யார் வெளிநாடு போனாலும், பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி காகிதத்தைக் கூட்டத்துல காட்டணும். நாங்க பார்க்கறது இதுதான்:

ஒண்ணு, விசாவுல என்ன வார்த்தை இருக்கு? டூரிஸ்ட், விசிட்னு இருந்தா அது வேலைக்கு இல்லை. எம்ப்ளாய்மென்ட்னு இருக்கணும்.

ரெண்டு, பாஸ்போர்ட்டுல ஈ.சி.ஆர். இருக்கா? பத்தாவது பாஸ் பண்ணாதவங்களுக்குப் பெரும்பாலும் அது இருக்கும். அவங்க வளைகுடா, மலேசியா, தாய்லாந்துன்னு 18 நாட்டுக்கு வேலைக்குப் போகணும்னா அரசாங்கத்தோட குடிபெயர்வு அனுமதி வேணும். அந்தச் சோதனைக்குத் தப்பிக்கத்தான் ஏஜென்ட்டுங்க சுற்றுலா விசாவுல ஏத்தி விடறாங்க. பெண்களா இருந்தா 30 வயசு முடிஞ்சிருக்கணும். தமிழ்நாட்டு அரசோட அயல்நாட்டு மனிதவள நிறுவனம் மாதிரி அரசு அமைப்பு வழியாத்தான் போகணும்.

மூணு, ஏஜென்ட்டுக்குப் பதிவு எண் இருக்கா? ‘இ-மைக்ரேட்’ இணையதளத்துல தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும் மட்டும்தான். ரசீது கேளுங்க. நாங்க கொடுத்த 1,20,000-க்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

நாலு, ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு எடுத்தாச்சா? ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான். விபத்துல உயிர் போனாலோ, நிரந்தரமா ஊனமானாலோ 10 லட்சம். முறையா வேலை விசாவுல போறவங்களுக்குத்தான் இது.

அஞ்சு, விசா முடியற தேதியை வீட்டுக் காலண்டர்ல சிவப்பு மையால எழுதி வைங்க. சிலிண்டர் எப்ப தீரும்னு தேதி எழுதறோம் இல்லை, அது மாதிரி.

ஏற்கெனவே யாராவது நாள் முடிஞ்சு மாட்டிக்கிட்டு இருந்தா, தயவு செய்து மறைக்காதீங்க. ‘இன்னும் ஆறு மாசம் சம்பாதிச்சுட்டு வரட்டும்’னு நினைக்காதீங்க. நாள் போகப் போக அபராதம்தான் ஏறும். இந்தியத் தூதரகத்துக்குப் போகச் சொல்லுங்க. வெளிநாடு போறவங்களுக்குன்னு நம்ம அரசாங்கத்தோட இலவச எண் 1800 11 3090 இருக்கு. எழுதிக்குங்க. அமீரகத்துல இருக்கறவங்க 800 46342-க்குப் பேசலாம்.

நான் வெக்கப்பட்டு மறைச்ச ஒன்றரை வருஷத்துல கடன்தான் ஏறிச்சு. வாயைத் திறந்து சொன்ன மூணே மாசத்துல அவர் வீடு வந்து சேர்ந்தார். எனக்குத் தெரிஞ்ச கணக்கு இதுதான்.

கடைசியா ஒரு விஷயம். தவணையை மாத்திப் போட்டுக் கொடுத்தாங்க, ஒழுங்காக் கட்டிக்கிட்டு வர்றேன். 2025 பொங்கலுக்கு அப்புறம், குழுவுல இருந்து நாலு பேர் என் கூடவே வந்து விலை பேசி, ஒரு மாடு வாங்கிக் கொடுத்தாங்க. இப்ப காலையும் சாயந்திரமும் சொசைட்டியில பால் ஊத்தறேன். யாருக்காவது சந்தேகம் இருந்தா எப்ப வேணா எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. இந்தத் தடவை நிஜமாவே மாடு இருக்கு. கன்னும் கெடேரிதான்.