படைவீரர் இதயநோய்: மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது

(வைட்டிலாவில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



கொச்சி, தென்னகக் கடற்படைத் தலைமையகம் அமைந்துள்ள நகரம். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளையும் இங்கு இயங்குகிறது. பணிக்காலத்தில் இதயநோயும் நீரிழிவும் கண்ட படைவீரர் பலர், ஊன ஓய்வூதியம் கோரி இத்தகைய தீர்ப்பாயங்களின் படியேற வேண்டியுள்ளது.

ஊனம் 20 விழுக்காட்டை எட்டாவிடில் இந்த ஓய்வூதியம் இல்லை. எட்டினால், 50க்குக் குறைந்தது 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டது 100 ஆகவும் கொள்ளப்படும். பணி முடித்து ஓய்வு பெற்றோருக்கும் இது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே மருத்துவக் குழு 19 என்று எழுதினால் ஒன்றுமில்லை. 20 என்று எழுதினால் 50க்குரிய தொகை.

விழுக்காடு போதுமானதாயினும் மற்றொரு தடை உண்டு. "வாழ்க்கைமுறை நோய், படைப்பணியால் விளைந்ததன்று" என்ற ஒரு வரியில் விண்ணப்பம் தள்ளப்படுகிறது. சிப்பாயின் உணவு, உறக்கம், இடமாற்றம், குடும்பத்தைப் பிரிந்திருக்கும் காலம் ஆகியவற்றை வகுப்பது யார்? அரசுதான். பணியில் சேரும்போது மருத்துவப் பரிசோதனை நடத்தி, உடற்தகுதி உடையவர் எனச் சான்றளிப்பதும் அரசுதான். அப்போது குறிக்கப்படாத நோய் பின்னர் தோன்றினால் அது பணியின் விளைவே எனக் கொள்ள வேண்டும். அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது இதுவே.

இருப்பினும், 2023 செப்டம்பர் 21 அன்று பாதுகாப்பு அமைச்சகம் புதிய விதிகளைக் கொண்டுவந்து, பணி முடித்து ஓய்வு பெறுவோரின் ஊன ஓய்வூதியப் பகுதியை வெறும் "நிவாரணம்" எனப் பெயர் மாற்றியது. முறைகேட்டைத் தடுக்கவே இம்மாற்றம் என்ற வாதம் முன்வைக்கப்படுகிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொல்வது என்ன? 2015-16 முதல் 2019-20 வரை ஓய்வு பெற்ற அதிகாரிகளில் ஆண்டுதோறும் 36 முதல் 40 விழுக்காட்டினர் ஊன ஓய்வூதியம் பெற்றனர். சிப்பாய் உள்ளிட்ட பிற நிலையினரில் அது 15 முதல் 18 விழுக்காடே. மேல்நிலையில் ஐயம் எழுந்தால் அங்கு விசாரிக்கட்டும். அதன் பெயரால் சிப்பாயின் உரிமையைக் குறைப்பது நியாயமன்று.

காரணம் கூறாத மருத்துவக் குழு முடிவுகள் செல்லாதவையாக்கப்பட வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசிடமே என்பது விதியிலேயே எழுதப்பட வேண்டும். அதுவரை தோழர்கள் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. தம் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர்களைச் சந்தித்து, சேர்க்கைக்கால மருத்துவச் சான்று, பணியிட விவரம், மருத்துவக் குழு அறிக்கை ஆகியவற்றின் நகல்களைத் திரட்டி, மேல்முறையீடு எழுத உதவுங்கள்.