விளையாட்டு சோறு போடுமா?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"விளையாட்டு சோறு போடுமா?" என்று பிள்ளைகளைக் கேளாத வீடு நம் யாழ்ப்பாணத்தில் இல்லை. பெரியோர் கோபியாதிருப்பின், அக்கேள்வியை ஒரு மனிதரின் வாழ்க்கையோடு வைத்து நோக்க விரும்புகிறோம். பெரியவிளான் தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கமே அவர்.

1934 இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே பயின்றவர். 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காக உயரம் பாயச் சென்றபோது அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை. 1956 இல் மெல்பேணிலும் பாய்ந்தார். இரண்டிலும் பதக்கமில்லை.

உயரம் பாய்தல் விசித்திரமான போட்டி. கம்பை ஏற்றிக்கொண்டே போவார்கள்; தொடர்ந்து மூன்று முறை தவறினவன் வெளியேற வேண்டும். ஓட்டத்தில் வென்றவன் நாடாவை அறுத்துக்கொண்டு முடிக்கிறான். இங்கோ மற்றெல்லோரையும் வென்றவனும் பெரும்பாலும் கம்பைத் தட்டி விழுத்திவிட்டே களத்தை விட்டுப் போகிறான்! அக்காலத்தில் விழுவதற்கு இன்றுள்ள தடித்த மெத்தையும் கிடையாது. மணலிலோ மரத்தூளிலோதான் விழவேண்டும்.

1958 இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் எதிர்வீரசிங்கம் 6 அடி 8 அங்குலம், அதாவது 2.03 மீற்றர், பாய்ந்தார். நம் வீட்டு வாசல் நிலையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்; ஏறக்குறைய அவ்வளவு உயரம். ஆசிய விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுவே. விழா மே 24 முதல் ஜூன் 1 வரை நடந்தது. அதே நாட்களில் இங்கே தமிழர் அடிக்கப்பட்டனர், வீடுகள் எரிந்தன. மே 27 இல் அவசரகாலச் சட்டம் பிறந்தது. அங்கே ஒரு தமிழனால் இலங்கைக் கொடி ஏறிற்று. இவ்விரண்டையும் ஒருசேர எடுத்துச் சொன்ன பாடநூல் எதையும் நாம் படித்ததாக நினைவில்லை.

1962 இல் ஜக்கார்த்தாவில் வெள்ளி பெற்றார். இதற்கெல்லாம் அவருக்குச் சம்பளம் உண்டா? நம் உறவினர் வாழும் கனடாவில் பனித்தரை ஹொக்கி ஆடுவோர் ஒப்பந்தம் எழுதிப் பெருஞ் சம்பளத்துக்கு ஆடுகின்றனர். அன்றைய ஒலிம்பிக் விதியோ, விளையாடிப் பணம் பெற்றவனை உள்ளே விடாது. எதிர்வீரசிங்கத்துக்குச் சோறு போட்டது படிப்பே. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பாய்ந்தார். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆபிரிக்காவிலே சியரா லியோனில் ஆசிரியராக இருந்தார். 2024 இல் காலமானார்.

பெரியோர்களே, அவர் கையில் புத்தகமும் இருந்தது, காலில் மணலும் இருந்தது. சங்க வளவின் வடக்கு மூலையில் இடம் சும்மா கிடக்கிறது. இரண்டு கம்பம், ஒரு குறுக்குத் தடி, நாலைந்து வண்டில் மணல். இவ்வளவே நாம் நிர்வாக சபையிடம் கேட்பது. மணலை நாமே கொத்திப் பரவிக்கொள்வோம்.